வண்டி வராத சாலை எந்தப் பக்கம்? அடிவாரச் சைக்கிள் கேள்விகளும் பதில்களும்

மதுரையைச் சுற்றியுள்ள மலையடிவாரங்களில் சைக்கிள் ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தல்லாகுளத்திலிருந்து ஒரு தம்பி: ரிங் ரோட்டில் ஓட்டி அலுத்துவிட்டது அண்ணே. லாரித் தொல்லை இல்லாமல் மலையைப் பார்த்தபடி போய், வெயிலுக்கு முன் வீடு திரும்ப ஒரு வழி சொல்லுங்கள்.

அழகர்கோவில் பக்கம் போங்கள். இது தெரியாதா என்று நினைக்க வேண்டாம். பலர் கோயில் கோட்டை வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். நல்ல சாலை அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. மதுரையிலிருந்து அப்பன்திருப்பதி, கள்ளந்திரி வழியாகக் கோயில் 21 கிலோமீட்டர். அங்கிருந்து மேலூர் போகும் பாதையில் கிடாரிப்பட்டி, வல்லாளப்பட்டி என்று போனால் அழகர்மலை இடது பக்கமே கூட வரும். பெரிய ஏற்றம் கிடையாது. தென்னை, மா, கண்மாய், நடுநடுவே பாறைக் குன்று.

அதே பக்கத்தில்தான் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, அதே ஊர். குன்றுகளில் வல்லூறு வகைப் பறவைகள் உண்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் சமணர் படுகையும் உண்டு. சைக்கிளைப் பூட்டிவிட்டு ஒரு மணி நேரம் நடக்கலாம். திரும்பும்போது மேலூர் போய் நான்கு வழிச்சாலையில் இறங்கிவிடாதீர்கள். நேரம் மிச்சமாகும், ஆனால் அதுவரை ஓட்டிய சுகம் அந்தச் சாலையில் போய்விடும். வந்த வழியே வாருங்கள்.

அதே வழியில் போன ஞாயிறு போன ஒருவர்: வேன் வேனாக வந்தது சார். இதுவா வண்டி வராத சாலை?

நம் பக்கத்தில் வண்டி வராத சாலை என்று தனியாக எதுவும் இல்லை. வண்டி வராத நாளும் நேரமும்தான் இருக்கின்றன. கூகுள் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுச் சுவரில் தொங்கும் தினக் காலண்டரைப் பாருங்கள். முகூர்த்த நாளா? அப்படியானால் அழகர்கோவில் சாலையில் விடியற்காலையிலிருந்தே கல்யாண வண்டிதான். சஷ்டி, கார்த்திகை என்றால் பழமுதிர்சோலைக் கூட்டம். புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்கு. சித்திரைத் திருவிழாவில் அழகர் மதுரைக்குக் கிளம்பி, திரும்பிப் போய்ச் சேரும்வரை அந்தச் சாலை நம்முடையது இல்லை. கும்பிட்டுவிட்டு வேறு திசைக்குப் போங்கள். மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, அடுத்த நாள் அலங்காநல்லூர், இரண்டும் ஜல்லிக்கட்டு. சைக்கிளோடு அந்தப் பக்கமே வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியில் சதுரகிரிக்குப் போகிறவர்களால் வத்திராயிருப்பு, தாணிப்பாறைப் பக்கம் நிரம்பிவிடும். ஆடி அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம்.

இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது சாதாரணச் செவ்வாய், புதன், வியாழன் காலைகள். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் என்றால் ஐந்து மணிக்குக் கிளம்பி, எட்டு மணிக்குள் நகரத்துக்குத் திரும்பும்படி தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நத்தம் சாலை எப்படி?

ஊமச்சிகுளம் தாண்டும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். 2023-இல் திறந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலத்தில் சைக்கிளோடு ஏறாதீர்கள் என்பேன். பின்னால் வேகமாக வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை, பக்கக் காற்று வேறு. அதைத் தாண்டினாலும் சாலை அகலமானது, வேகமான வண்டிகள் உண்டு. அடிவாரம் வேண்டும் என்றால் அதைவிட அலங்காநல்லூர், பாலமேடு வழியாகச் சாத்தையாறு அணைக்குப் போவது மேல். சிறுமலை நேர் எதிரே சுவர் மாதிரி நிற்கும்.

வாடிப்பட்டியிலிருந்து: கால்வாய்க் கரை மேலேயே ஓட்டலாம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பெரியாறு பிரதான கால்வாய் பேரணையில் பிரிந்து, சிறுமலை அடிவாரத்தை ஒட்டிக் கள்ளந்திரிக்கு வந்து, மேலூர்ப் பக்கம் போகிறது. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காக மலைச்சரிவின் மட்டத்தைப் பார்த்து வெட்டியது. அதனால் கரையில் ஏற்ற இறக்கம் கண்ணுக்கே தெரியாது. முழங்கால் வலிக்காரர்களுக்கும் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கும் இதைவிட நல்ல இடம் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் கரை முழுக்கத் தார் கிடையாது. சில இடம் மண், சில இடம் சரளை, சில இடம் முள் அடைத்துக்கொண்டிருக்கும். ஒல்லி டயர் ரோடு பைக்குக்கு ஆகாது, அகல டயர் வேண்டும். மழை பெய்த மறுநாள் போனால் களிமண் சக்கரத்தில் அப்பிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். தண்ணீர் திறந்திருக்கும் மாதங்களில் கரையோரம் குளிர்ச்சியாக இருக்கும். இறங்கிக் குளிப்பதாக இருந்தால் இழுப்பு பலமானது, நீச்சல் தெரிந்தாலும் ஜாக்கிரதை.

சிறுமலை ஏற ஆசை. வயது 45. முடியுமா?

ஏறுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை சார். திண்டுக்கல்–நத்தம் சாலையில் பிரிந்து 18 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் சின்னப் பல்சக்கரம் 34, பின்னால் பெரியது 32 பல் இருந்தால் பேசிக்கொண்டே ஏறலாம். பேச்சு வரவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள். மதுரையிலிருந்தே ஓட்டிப் போக வேண்டும் என்று வீம்பு வேண்டாம். திண்டுக்கல் வரை நான்கு வழிச்சாலையில் போவதில் என்ன இருக்கிறது? காரில் ஏற்றிக்கொண்டு போய் அடிவாரத்தில் இறக்கிக்கொள்ளுங்கள்.

கவலை இறங்குவதில்தான். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், விடாமல் அழுத்தியபடி இறங்கினால் ரிம் சூடேறும், அந்தச் சூட்டில் டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் நேர்ச் சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் வழுக்கும். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியவில்லை என்றால் மலையைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். டிஸ்க் பிரேக்குக்கும் சூடு உண்டு, ஆனால் அதைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும்.

வளைவில் எதிரே பஸ் வந்தால் அதற்கு முழுச் சாலையும் தேவைப்படும். காட்டுமாடும் உண்டு. கண்டால் மணி அடிக்காமல், படம் எடுக்கப் பக்கத்தில் போகாமல் தள்ளி நில்லுங்கள், அது தானாக நகரும். மேலே புவிசார் குறியீடு வாங்கிய சிறுமலை வாழைப்பழம் கிடைக்கும். சைக்கிள்காரனுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

கொடைக்கானல்?

வத்தலக்குண்டு வழியில் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. அதனால் யாருக்கும் சொல்வதில்லை.

ஒவ்வொரு தடவையும் பஞ்சர். என்ன செய்ய?

சீமைக் கருவேல முள். தார்ச்சாலையின் ஓரத்தில்தான் அதிகம் கிடக்கும், விறகு ஏற்றிப் போகும் வண்டிகளிலிருந்து விழுவது. ஓரத்தை ஒட்டியே ஓட்டாமல் ஒரு முழம் உள்ளே ஓட்டுங்கள். 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர், அதற்குள் சீலண்ட் (சின்ன ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) என்று இருந்தால் பாதித் தொல்லை தீரும். ஊர்ப் பஞ்சர் கடையில் உள்ள பம்ப் உங்கள் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குச் சேராது. பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுவையுங்கள். பஞ்சர் ஒட்டியதும் டயரின் உள்பக்கம் விரலால் தடவாமல் மாட்டாதீர்கள். முள் முனை அங்கேயே இருக்கும்.

அறுவடைக் காலத்தில் கொள்ளு, உளுந்துச் செடிகளைச் சாலையில் பரப்பியிருப்பார்கள். செயினில் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அவர்களுக்கு வேறு களம் இல்லை, சண்டை போடாதீர்கள்.

வில்லாபுரத்திலிருந்து ஒரு அக்கா: தனியாகப் போகலாமா? நாய் பயம் வேறு.

முதல் சில தடவை துணையோடு போய், ஊர்களையும் டீக்கடைகளையும் பழகிக்கொள்ளுங்கள் அக்கா. அப்புறம் அதே வழியில் தனியாகப் போவது சுலபம், கடைக்காரரே இன்று ஏன் லேட் என்று கேட்பார். எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, செல்போனில் லொக்கேஷனை அனுப்பி வையுங்கள். காட்டை ஒட்டிய இடங்களில் சிக்னல் போய் வரும் என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் பதறுவார்கள்.

நாய் துரத்துவது ஓடும் சக்கரத்தை. வேகம் எடுத்தால் அதற்கும் வேகம் வரும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, அதட்டிவிட்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். மீறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி. நாளைக்குப் பார்க்கலாம் என்பது இதில் கிடையாது. அழகர்மலைக் குரங்குக்குப் பையில் பழம் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

பேரையூரிலிருந்து: எங்கள் சாப்டூர்ப் பக்கத்தை யாரும் சொல்வதே இல்லையே?

சொல்லாமல் வைத்திருந்தேன், நீங்களே கேட்டுவிட்டீர்கள். எழுமலை, பேரையூர், சாப்டூர், மலை ஓரமாகவே போகும் சாலைகள். மேற்குத் தொடர்ச்சி மலை இவ்வளவு பக்கத்தில் வேறு எங்கும் மதுரை மாவட்டத்தில் தெரியாது. ஒரு நிபந்தனை. இங்கே விடிவதற்கு முன்னால் ஓட்டாதீர்கள். அழகர்கோவிலுக்கு ஐந்து மணி என்றேன், இங்கே நன்றாக வெளிச்சம் வந்த பிறகு. மலைக்குள் இருப்பது 2021-இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். இரவில் தோப்புகளுக்கு யானை இறங்கும். பொதுச்சாலையை விட்டுக் காட்டுப் பாதையில் திரும்புவது சட்டப்படியும் தப்பு.

ஆடியில் போனால் காற்றைக் கணக்கில் எடுங்கள். அம்மியைப் பறக்கவிடும் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும். போகும்போது எதிரே தள்ளும், திரும்பும்போது முதுகில் தள்ளும். இந்த வரிசை நல்லதுதான். பாதியில் களைத்துத் திரும்பினாலும் காற்றே வீடு சேர்க்கும்.

அப்பாவின் பழைய கியர் இல்லாத சைக்கிள்தான் இருக்கிறது. இதில் போகலாமா?

கள்ளந்திரி வரை தாராளமாக. பிரேக் கட்டையை மட்டும் புதிதாக மாற்றுங்கள், சீட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கினால் போதும். இரண்டு பாட்டில் தண்ணீர், ஒன்றில் உப்பும் எலுமிச்சையும். கால்வாய்ப் பாலத்தில் நின்று பாருங்கள், இன்னும் தெம்பு இருந்தால் அழகர்கோவில் வரை போய்த் தோசைப் பிரசாதம் வாங்கிக்கொள்ளலாம். பழமுதிர்சோலை ஏற்றம் மட்டும் இந்தச் சைக்கிளில் வேண்டாம் தம்பி.