கர்த்தருடைய வேளைக்குக் காத்திருப்பது எப்படி? பெங்களூர் தமிழ்ச் சபையாரின் கேள்விகளும் பதில்களும்

பெங்களூரில் பிழைக்க வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வேதபாட வகுப்பு எடுக்கும் மூத்த சகோதரர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு, மென்பொருள் ஊழியர்): ஐயா, புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை (அந்த வருஷத்துக்கான வசனம் உள்ள அட்டை) எரேமியா 29:11; ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன்’ என்கிற வசனம். மார்ச்சில் வேலை போய்விட்டது. இன்னும் ஒன்றும் அமையவில்லை. ‘தேவன் வைத்த நேரம் வரும், சும்மா அலையாதே’ என்கிறார் அம்மா. விண்ணப்பம் போடுவதை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் தம்பி. அட்டையில் 11-ஆம் வசனம் மட்டும்தான் அச்சாகியிருக்கும். அதற்கு முந்தின வசனத்தில், பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பிறகுதான் என்று இருக்கிறது. அதையும் சேர்த்து அச்சடித்தால் புத்தாண்டு அன்று அந்த அட்டையை யாரும் கையில் எடுக்கமாட்டார்கள்.

அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். 5 முதல் 7 வரை படியுங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. காத்திருக்கச் சொன்ன அதே கடிதம்தான் இவ்வளவு வேலையும் வைக்கிறது.

பாரசீக ராஜாவின் பானபாத்திரக்காரரான நெகேமியாவையும் பாருங்கள். இடிந்துகிடந்த எருசலேமைக் கட்ட விரும்பியவர் அவர். கிஸ்லேயு மாதத்தில் அழுது ஜெபிக்கத் தொடங்குகிறார்; ராஜா கேட்பது நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நாலு மாதம். ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று ராஜா கேட்டதும் மனதுக்குள் ஒரு ஜெபம்; அடுத்து எவ்வளவு காலம் வேண்டும் என்கிற கணக்கு, வழியில் உள்ள அதிபதிகளுக்குக் கடிதம், மரம் கொடுக்க வனக்காவலனுக்கு ஒரு கடிதம். நாலு மாதமும் திட்டம் போடாமல் இருந்தவரால் அப்படிப் பதில் சொல்லியிருக்க முடியாது.

ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் உங்கள் கையில் உள்ளவை: இந்த வாரம் எத்தனை இடத்துக்கு விண்ணப்பம், எந்தப் பழைய மேலாளரிடம் பேசுவது, எந்தப் பாடத்தைப் புதுப்பிப்பது. வலது பக்கம் உங்கள் கையில் இல்லாதவை: நேர்காணல் நடத்தியவர் எப்போது பதில் சொல்வார், அந்த நிறுவனம் ஆள் எடுப்பதை நிறுத்திவிடுமா. காலையில் வலது பக்கத்தை ஒருமுறை வாசித்து ஜெபத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டு, பகல் முழுக்க இடது பக்கத்தில் இருங்கள். அரை மணிக்கொரு தரம் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பது, காலையில் ஒப்புக்கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதுதான்.

இரண்டு அவசர வேலையும் உண்டு. வேலை போனால் கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீடும் போய்விடும். குடும்பத்துக்குத் தனியாக ஒன்று எடுங்கள். வீட்டுக்கடன் தவணை தவறுவதற்கு முன்பே வங்கியில் பேசுங்கள். தவறிய பின் பேசினால் கேட்கிறவர்களின் தொனியே வேறு.

கேள்வி (கே.ஆர்.புரம், ஒரு தாய்): மகளுக்கு 31 வயது. உபவாசக் கூட்டத்துக்கு வந்த ஊழியக்காரர் ‘ஜூன் மாதத்துக்குள் மாப்பிள்ளை’ என்று தீர்க்கதரிசனம் சொன்னார். ஜூன் போய்விட்டது. எங்கள் விசுவாசக் குறைவா பிரதர்?

பதில்: இல்லை அம்மா. அதே எரேமியா புத்தகத்தின் 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, பாபிலோன் காரியம் இரண்டே வருஷத்தில் முடியும் என்று ஆலயத்தில் வைத்துச் சொன்னார். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! கர்த்தர் அவரை அனுப்பவே இல்லை. தேதி குறைவாக இருந்தால் நம் காது சீக்கிரம் நம்பும். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. சொன்னது நிறைவேறாவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை இல்லை, அதற்குப் பயப்படவேண்டாம் என்று உபாகமம் 18:22 சொல்கிறது. பழி சொன்னவர் மேல்தான், உங்கள் மகள் மேல் இல்லை.

இனி தேதியோடு யாராவது சொன்னால் அவர் பெயர், நாள், சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதிவைத்துப் பாஸ்டரிடம் கொடுங்கள். எதையும் சோதித்துப் பார்க்கச் சொல்லித்தான் 1 தெசலோனிக்கேயர் 5:21 இருக்கிறது. மாப்பிள்ளை தேடுவதும் நிற்கவேண்டாம். ‘சொந்த ஊர், சொந்த சாதி, பெங்களூரிலேயே வேலை’ என்று உங்கள் பட்டியல் ஓடுகிறதா என்று பாருங்கள். வரன் அமையாததற்குத் தேவனுடைய நேரத்தைக் காரணம் காட்டும் பல வீடுகளில், உண்மையில் தடையாக நிற்பது அந்த இரண்டாவது நிபந்தனை. மகளைத் தனியாக உட்காரவைத்து அவளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

கேள்வி (மாரத்தஹள்ளி பி.ஜி., மாணவர்): வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தை வைத்து முடிவெடுக்கலாமா அண்ணா? கிதியோனும் அடையாளம் கேட்டாரே?

பதில்: வேண்டாம். மீதியானியரிடமிருந்து இஸ்ரவேலை மீட்கவேண்டும் என்பது கிதியோனுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டாயிற்று. அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலை விரித்தது பயத்தினால். அதையும் ‘கோபப்படாதேயும்’ என்று கெஞ்சிக்கொண்டேதான் கேட்டார். விரல் பட்ட வசனம் பிடிக்கவில்லை என்றால் மறுபடி திறப்பீர்கள். பிடித்தது வரும்வரை திறப்பதற்குப் பெயர் வழிநடத்துதல் இல்லை.

கேள்வி (ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட், தம்பதி): சர்ஜாபுரா பக்கம் மனை ஒன்று விலை குறைவாக வந்திருக்கிறது. ஜெபித்தோம், மனதில் சமாதானம் இருக்கிறது. இன்றே அட்வான்ஸ் கொடுத்தால்தான் கிடைக்கும் என்கிறார் விற்பவர். கர்த்தர் திறந்த வாசல்தானே?

பதில்: விலை குறைந்தாலும் மனதில் சமாதானம் வரும். அதை வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

எரேமியா 32-ஐ எடுங்கள். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார். ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கு என்று கர்த்தரே சொல்கிறார். இதைவிடத் தெளிவான வழிநடத்துதல் யாருக்குக் கிடைக்கும்? அப்படியும் அவர் 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், பத்திரம் எழுதுகிறார், முத்திரை போடுகிறார், சாட்சிகளை வைக்கிறார். முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டும் மண்பாண்டத்துக்குள் பத்திரமாகப் போகின்றன.

உங்களுக்கு வேண்டியவை: தாய்ப்பத்திரம் முதல் இன்றுவரை உள்ள பத்திரத் தொடர், 30 வருஷ வில்லங்கச் சான்று, விவசாய நிலமாக இருந்திருந்தால் குடியிருப்புக்கு மாற்றிய உத்தரவு, லேஅவுட் அனுமதி, மாநகர எல்லைக்குள் வந்தால் இ-கத்தா (மின்னணு சொத்துப் பதிவு). இவற்றைப் பார்க்க நீங்கள் அமர்த்திய வக்கீல் வேண்டும், விற்பவர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம். அவர் பார்த்து முடிக்கும்வரை ஒரு ரூபாயும் கைமாறக்கூடாது. அதற்குள் மனை வேறு ஆளுக்குப் போனால் போகட்டும்.

விற்பவர் விசுவாசியா என்று பலர் முதலில் விசாரிக்கிறார்கள். பத்திரத்தை விசாரியுங்கள்.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி, ஒரு சகோதரி): குழந்தைக்காக ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு) செய்தால், ஆபிரகாம் ஆகாரை எடுத்தது போல அவசரப்படுவதாகுமா?

பதில்: ஆபிரகாம் புறப்பட்டபோது வயது 75, இஸ்மவேல் பிறந்தபோது 86, ஈசாக்கு பிறந்தபோது 100. ஆகார் மூலம் இஸ்மவேலைப் பெற்ற அந்த நடு முடிவில் தவறு எங்கே என்று பாருங்கள் சிஸ்டர். வாய் திறந்து மறுக்க முடியாத ஓர் அடிமைப் பெண்ணைத் தங்கள் தேவைக்குப் பயன்படுத்திவிட்டு, பிறகு துரத்தினார்கள். கணவனும் மனைவியும் சம்மதித்து மருத்துவரிடம் போவதில் அது எதுவும் இல்லை.

35 வயதுக்குள் என்றால் ஒரு வருஷ முயற்சிக்குப் பின்னும், தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலும் பரிசோதனைக்குப் போவதே மருத்துவ வழக்கம். கணவருக்கும் முதலிலேயே சோதனை வேண்டும். விந்துப் பரிசோதனை எளிது, ஆனாலும் பெண்ணை மட்டும் வருஷக்கணக்கில் அலையவிடுகிற வீடுகள் நிறைய. எத்தனை சிகிச்சைச் சுற்று (சைக்கிள்), எவ்வளவு பணம் என்பதைத் தொடங்கும் முன் இருவரும் பேசி முடியுங்கள். மிஞ்சும் கருக்களை என்ன செய்வது என்று சம்மதப் படிவத்தில் கேட்பார்கள். அதை மருத்துவமனை வராந்தாவில் யோசிக்காமல், முன்னதாகவே ஜெபித்துத் தீர்மானித்துக்கொண்டு போங்கள்.

கேள்வி (ஊர் குறிப்பிடவில்லை): கணவரின் குடிக்காகப் பல வருஷமாக ஜெபிக்கிறேன். அடியும் உண்டு. ‘தேவன் மாற்றுவார், பொறுத்திரு’ என்கிறார்கள். எனக்குக் கர்த்தர் மேலேயே கோபம் வருகிறது.

பதில்: கோபத்தை அவரிடமே சொல்லுங்கள் அம்மா. 13-ஆம் சங்கீதத்தில் முதல் இரண்டு வசனத்துக்குள் ‘எதுவரைக்கும்’ என்று நாலு தடவை கேட்டிருக்கிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஆறுதல் வசனம்கூடக் கிடையாது. இரண்டும் வேதத்தில்தான் இருக்கின்றன.

அடி வேறு விஷயம். பொறுமை என்ற பெயரில் அடிவாங்கும்படி கர்த்தர் கேட்கவில்லை. சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது அங்கே நின்று ஜெபிக்கவில்லை, விலகி ஓடினார். பிறகும் கர்த்தருடைய வேளைக்காகவே காத்திருந்தார். உங்கள் அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகம், கொஞ்சம் பணம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். பெண்கள் உதவி எண் 181, உடனடி ஆபத்துக்கு 112. குடிக்குச் சிகிச்சை தரும் பிரிவு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இருக்கிறது. அவர் வர மறுத்தாலும் என்ன செய்யலாம் என்று நீங்கள் போய்க் கேட்கலாம். பொறுத்திரு என்று சொல்கிறவர்களிடம், அடி விழும் இரவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று கேட்டு, பெயரோடு எழுதிவாங்குங்கள்.

கேள்வி (அல்சூர்): கதவு மூடினால் கர்த்தர் வேண்டாம் என்கிறாரா, இன்னும் தட்டச் சொல்கிறாரா? எப்படித் தெரியும்?

பதில்: ஒரே தடவையில் தெரியாது. அப்போஸ்தலர் 16-இல் பவுலுக்கு ஆசியாவிலும் (அன்றைய ரோம மாகாணம்) தடை, பித்தினியாவிலும் தடை. அவர் அங்கேயே உட்காரவில்லை, துரோவா வரை நடந்தார். இரவில் தரிசனம் கண்ட பிறகும் கூட இருந்தவர்களோடு சேர்ந்துதான் முடிவானது. அந்த 10-ஆம் வசனத்தில் ‘நாங்கள்’ என்றுதான் எழுதியிருக்கிறது. எனவே உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். அதில் ஒருவராவது உங்களுக்கு மறுத்துப் பேசும் பழக்கம் உள்ளவராக இருக்கட்டும். கதவு ஏன் மூடியது என்று காரணத்தை எழுதுங்கள். தகுதிக் குறைவு, தவறிய ஆவணம் என்றால் சரிசெய்து மறுபடி தட்டுங்கள். சட்டம், மற்றவருடைய சம்மதம், உடல்நிலை போல உங்களால் மாற்ற முடியாதது என்றால் அடுத்த ஊருக்கு நடங்கள்.