ஃப்ளேக்கி என்று ஒருவரைச் சொன்னால் அது திட்டா?

ஆபீஸில் உங்களைப் பற்றி 'கொஞ்சம் ஃப்ளேக்கி' என்று யாரோ சொன்னார்களாம், அது திட்டா பாராட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பாராட்டு இல்லை. நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிய திட்டும் இல்லை.

ஃப்ளேக் என்றால் பொருக்கு. பழைய சுவரில் கை வைத்தால் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிருமே, அதுதான். முட்டை பப்ஸைக் கடித்ததும் சட்டையெல்லாம் கொட்டுகிறதே, அதையும் ஃப்ளேக்கி என்பார்கள், அங்கே மட்டும் அது புகழ்ச்சி.

ஆளைச் சொல்லும்போது? "ஞாயிற்றுக்கிழமை வீடு மாத்த நான் வரேன் மச்சான்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு, காலையில் போனையும் எடுக்காமல், சாயங்காலம் "தூங்கிட்டேன்டா" என்று மெசேஜ் போடுகிற ஆள். எனக்கும் ஒருத்தன் இருக்கிறான். நல்ல பையன், சொல்லும்போது உண்மையிலேயே வரத்தான் நினைத்திருப்பான். வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது: ஏமாற்றும் எண்ணத்தோடு திரிகிறவனை ஷிஃப்டி என்பார்கள், ஃப்ளேக்கியான ஆளிடம் வஞ்சகம் கிடையாது, நம்பி இறங்கினால் மண்குதிரை, அவ்வளவுதான். கடைசி நேரத்தில் அவன் கழன்றுகொண்டால் 'ஹி ஃப்ளேக்டு ஆன் மீ'.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பதால் இந்த வார்த்தையைக் கேட்காத நாளே இல்லை. டெஸ்ட் என்றால் எங்கள் கோட் (புரோகிராம்) சரியாக ஓடுகிறதா என்று தானாகவே சோதித்துப் பார்க்கிற இன்னொரு சின்ன புரோகிராம். கோடில் ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டோம், ராத்திரி ஃபெயில் ஆன டெஸ்ட் காலையில் திரும்ப ஓட்டினால் பாஸ் ஆகும், அதுதான் ஃப்ளேக்கி டெஸ்ட். பெரும்பாலும் நெட்வொர்க் தாமதமோ, டெஸ்ட்கள் ஓடும் வரிசை மாறியதோ காரணமாக இருக்கும். எப்போதும் ஃபெயில் ஆகிற டெஸ்ட்டை அப்படிச் சொல்ல மாட்டோம், அது வெறுமனே உடைந்தது, அதையாவது நம்பலாம்! கூகுளே தன் டெஸ்ட்களில் கிட்டத்தட்ட 16 சதவீதத்தில் இந்தக் கோளாறு கொஞ்சமாவது உண்டு என்று 2016-ல் எழுதியது.

அப்புறம், அமெரிக்கர்கள் இதைக் 'கிறுக்குத்தனமான' என்ற பொருளிலும் சொல்வதுண்டு. 1986 ஜனவரியில் அப்போதைய அமெரிக்க அதிபர் ரீகன், லிபியாவின் தலைவர் கடாஃபியை ஃப்ளேக்கி என்றது அந்தப் பொருளில்தான், கடாஃபி சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று அல்ல. உங்கள் ஆபீஸில் அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பு குறைவு. சமீபத்தில் ஏதாவது மீட்டிங்கை மறந்தீர்களா, யோசித்துப் பாருங்கள்.

இது பேச்சு வார்த்தை, கிளையன்டைப் பற்றி மெயிலில் எழுதிவிடாதீர்கள். வைஃபை ஃப்ளேக்கியாக இருக்கிறது என்று தாராளமாக எழுதலாம்.