வண்டியை நிறுத்திவிட்டு ரயிலில் போனால் மிச்சம் வருமா?

கேள்வி: வணக்கம் சார். வயது 36. கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஆபரேட்டர். கையில் வருவது 27,000. மனைவிக்கு தாம்பரத்தில் ஜவுளிக்கடை வேலை, 13,000. கூடுவாஞ்சேரியில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். தினமும் போக வர 55 கிலோமீட்டர் பைக்கில் போகிறேன். பெட்ரோலுக்கு மட்டும் மாதம் 3,000க்கு மேல் போகிறது. காஸ், பால், பள்ளி வேன் என்று எல்லாம் ஏறிவிட்டது. சேமிப்பு 20,000 இருக்கிறது. அதை முன்பணமாகக் கட்டி, மீதி 1 லட்சத்துக்கு லோன் போட்டு மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் பெட்ரோல் செலவு மிச்சமாகும் என்கிறார் நண்பர். மனைவி ரயிலில் போகச் சொல்கிறார். ஒரு தனியார் அடகுக்கடையில் 60,000க்கு நகை இருக்கிறது. நூற்றுக்கு ஒன்றரை வட்டி, வட்டி மட்டும்தான் கட்டி வருகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் ஸ்கூட்டரில் ஆரம்பித்து நகையில் முடித்திருக்கிறீர்கள். நான் தலைகீழாகத்தான் பார்க்கிறேன். ஆனாலும் நீங்கள் கேட்டதற்கே முதலில் வருகிறேன்.

சென்னையில் பெட்ரோல் 2021இல் முதல் தடவையாக 100ஐத் தாண்டியது. லிட்டர் 101 ரூபாய், வண்டி 45 கிலோமீட்டர் கொடுக்கிறது, மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால் 1,375 கிலோமீட்டருக்கு 3,086 ரூபாய் ஆகிறது. உங்கள் கணக்கு சரிதான். ஆனால் நீங்கள் எழுதாத செலவு ஒன்று உண்டு. வருடத்துக்கு 16,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஆயில், செயின் செட், டயர், பிரேக் எல்லாம் சேர்த்து மாதம் 600 ரூபாயாவது ஒதுக்க வேண்டும். ஆக, வேலைக்குப் போய்வர மாதம் 3,700.

ஸ்கூட்டருக்கு 1 லட்சம் லோன், 12 சதவீத வட்டி, 3 வருடம் என்றால் தவணை 3,321. மொத்த வட்டி 19,500க்கு மேல். சார்ஜ் செய்ய மாதம் 40 யூனிட் சுமாராக ஆகும். வாடகை வீட்டில் ஓனர் வைத்த சப்-மீட்டரில் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினால் 320. சொந்த மீட்டர் என்றாலும் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால், குறைந்த யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகை விலையும் கைவிட்டுப் போகும். தவணையும் கரண்டும் சேர்ந்து 3,640. இன்றைக்குப் போகும் 3,700க்குப் பக்கத்தில்தான் இதுவும் நிற்கிறது. அதாவது 3 வருடத்துக்கு உங்களுக்கு மிச்சம் என்று எதுவும் இல்லை, கையில் இருந்த 20,000மும் போய்விடும். பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் என்றால் அடுத்த நகையும் அடகுக்குப் போகும். நண்பர் சொல்வது தவறில்லை, நாலாவது வருடத்திலிருந்து லாபம்தான். ஆனால் அந்த மூன்று வருடத்தைத் தாண்ட உங்களிடம் இன்று தெம்பு இல்லை.

சரி, ரயில். கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு மாத சீசன் டிக்கெட் 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 2025 ஜூலையில் ரயில் கட்டணத்தை உயர்த்தியபோதுகூட புறநகர் ரயிலையும் சீசனையும் தொடவில்லை. 3,700 எங்கே, 200 எங்கே என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை வண்டி, அதற்கு 280 ரூபாய் பெட்ரோல். ஸ்டாண்டில் நிறுத்த நாளுக்கு 15 என்றால் 375. மழை நாளில் கிண்டி ஸ்டேஷனிலிருந்து பட்டறைக்கு ஷேர் ஆட்டோ, 200 வையுங்கள். ஓவர்டைம் இருக்கும் நாலு நாள் எப்படியும் வண்டியில்தான் போவீர்கள், அது 500. சர்வீஸுக்கு 200. எல்லாம் கூட்டினால் 1,755. உண்மையான மிச்சம் 1,900 சொச்சம்.

அதுவும் மாலை பஜ்ஜிக்கு முன்னாடிதான்! நான் குரோம்பேட்டையிலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு ரயிலில் போன காலத்தில், முதல் மாத முடிவில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. வண்டியில் போகும்போது எங்கும் நிற்க மாட்டேன். ஸ்டேஷனில் நின்றால் டீ, சுண்டல், பிளாட்பாரத்தில் பழம். நாளுக்கு 30 ரூபாய் என்றால் மாதம் 750. இப்போது க்யூஆர் கோடு வேறு வந்துவிட்டது. சில்லறை இல்லை என்ற சாக்கும் போச்சு. பஜ்ஜி சாப்பிடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றவருக்குப் பசிக்கும். வாரத்துக்கு இவ்வளவு என்று நோட்டாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரத்தைத் தாண்டினால் ரயில் எண்ணிக்கை குறைவு, ஒன்றை விட்டால் காத்திருக்க வேண்டும். அதனால் முதலில் ஒரு மாத சீசன் எடுத்துப் பாருங்கள். ஒத்துவந்தால் மூன்று மாதத்துக்கு எடுக்கலாம், விலை மாத சீசனைப்போல் 2.7 மடங்குதான். ஏசி ரயில் வந்தால் அவசரத்தில் ஏறிவிடாதீர்கள். 2025 ஏப்ரலில் தொடங்கியபோதே அதன் குறைந்தபட்ச டிக்கெட் 35 ரூபாய். சாதாரண சீசன் அதில் செல்லாது.

உங்கள் மனைவி எப்படிப் போகிறார் என்று எழுதவில்லை. ஷேர் ஆட்டோ என்றால் போக 20, வர 20, மாதம் 1,000. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் நாள் முழுக்க நின்று விற்றுவிட்டு, இரவு எட்டரைக்கு மேல் பஸ்ஸுக்காக நிற்கச் சொல்வது நியாயமில்லை. காலையில் பஸ், இரவில் ஆட்டோ. அதிலேயே 500 நிற்கும்.

ஆக இருவரும் சேர்ந்து 2,400. இதை வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி. சேமிப்பில் போடலாமே என்று கேட்பீர்கள். போடாதீர்கள். ஆர்.டி. தருவது வருடத்துக்கு 6, 7 சதவீதத்தை ஒட்டி, நீங்கள் நகைக்குக் கட்டுவது 18 சதவீதம். மாதம் 900 வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் பத்து வருடம் ஆனாலும் அசல் 60,000 அப்படியேதான் இருக்கும்.

பொதுத்துறை வங்கியில் நகைக்கடன் வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய்க்கும் கீழே கிடைக்கிறது. உங்கள் சேமிப்பு 20,000, தெரிந்தவரிடம் இரண்டு நாள் கைமாற்று 40,000. அடகுக்கடையில் நகையை மீட்டு, அதே வேகத்தில் வங்கியில் வைத்து, கைமாற்றைத் திருப்பிக் கொடுங்கள். 20,000மும் திரும்பக் கைக்கு வந்துவிட வேண்டும், அதை அசலில் கட்டிவிடாதீர்கள். அது ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும். வங்கியில் எவ்வளவு தருவார்கள் என்று முன்கூட்டியே எடை போட்டுக் கேட்டுக்கொண்ட பிறகுதான் கைமாற்று வாங்க வேண்டும்.

அப்புறம், சம்பளம் வந்த அன்றே 3,300 ரூபாயை நகைக்கடனில் கட்டுங்கள். இப்போது கட்டும் 900, மிச்சம் பிடித்த 2,400. ஸ்கூட்டர் தவணையும் கிட்டத்தட்ட இதே தொகைதான், பார்த்தீர்களா? மாதாமாதம் அசலில் வரவு வைத்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஏறக்குறைய 20 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

ஸ்கூட்டரை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குள் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பிளக் பாயின்ட் போட்டுத் தருவாரா என்று ஓனரிடம் பேசி வையுங்கள். அவர் முடியாது என்றால் வேறு கணக்குப் போட வேண்டியிருக்கும்.