வாசகர் கேள்விகள்: சேர்வராயன் மலையில் வழிகாட்டியோடு ஒரு நடை

கேள்வி: விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளோடு ஏற்காட்டுக் காட்டுக்குள் நடக்க ஆசை. எங்கள் இளமையில் அடிவாரத்திலிருந்து கேட்பாரின்றி ஏறினோம். இப்போது அனுமதி வேண்டும் என்கிறார்களே? (வாசகர், அஸ்தம்பட்டி)

வேண்டும். ஊர்களும் காப்பித் தோட்டங்களும் போக எஞ்சிய காட்டில் பெரும்பகுதி காப்புக்காடு. அதற்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். நீங்கள் ஏறிய காலத்திலும் இந்தச் சட்டம் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு அரசு விதிகளை இறுக்கியது. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் கொண்டப்பநாயக்கன்பட்டி – குண்டூர், நாகலூர் – சன்யாசிமலை ஆகிய இரண்டும் நம் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும்; பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். கோடைத் தீக்காலத்தில் பாதைகள் மூடப்படுவதால் தேதியை உறுதி செய்துகொண்டு பயணத்தைத் திட்டமிடுங்கள்.

கேள்வி: கலிபோர்னியாவில் உள்ள என் மகன், அங்கே பூங்காவின் ரேஞ்சரே பார்வையாளர்களை அழைத்துச் சென்று மரம், பறவை பற்றியெல்லாம் விளக்குவதாகச் சொல்கிறான். நம் ரேஞ்சர்கள் ஏன் அப்படிச் செய்வதில்லை? (வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்)

அமெரிக்காவில் தேசியப் பூங்காச் சேவை 1916இல் தோன்றியது. 1920இல் யோசெமிட்டி பூங்காவில் இயற்கை விளக்க நடைகள் முறையான பணியாகவே தொடங்கின. விளக்கம் சொல்வதற்கென்றே அங்கு தனி ரேஞ்சர்கள் உண்டு. சிறுவர்கள் பயிற்சி ஏட்டை நிரப்பிக் காட்டினால் ‘ஜூனியர் ரேஞ்சர்’ வில்லையும் கிடைக்கும். நம் ரேஞ்சரான வனச்சரகருக்கோ தீத்தடுப்பு, மரக்கடத்தல், பயிரை மேயும் காட்டெருமை குறித்த புகார், நீதிமன்ற வழக்கு என்று பொழுது போய்விடுகிறது. அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. விளக்கும் பணியை உள்ளூர் இளைஞர்களிடம் ஒப்படைத்ததே நமக்கு ஏற்ற வழி என்பது என் எண்ணம். தலைமுறைகளாக இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குத் தெரிந்த காடு, மூன்றாண்டுக்கு ஒருமுறை இடமாற்றம் பெறும் அதிகாரிக்கு எளிதில் வசப்படாது. ஆனால் அந்த இளைஞர்களுக்கு வழிகாட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, கதை சொல்லவும் தெரிய வேண்டும். அந்தப் பயிற்சியில் நாம் இன்னும் போக வேண்டிய தூரம் அதிகம்.

கேள்வி: புலியும் இல்லை, யானையும் இல்லை. பணம் கட்டி நடந்து எதைப் பார்ப்பது? (வாசகர், ஆத்தூர்)

கேள்வி நியாயமானதுதான். பெரிய விலங்கு கண்ணில் பட்டால்தான் காடு என்று எண்ணி வருபவர் ஏமாந்து திரும்புவார். நல்ல வழிகாட்டி முதல் அரைமணி நேரத்தில் உங்கள் நடையின் வேகத்தைத்தான் குறைப்பார். பாதையோர உண்ணிச்செடியின் ஒரு பூங்கொத்தைக் காட்டி, நடுவில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்பும் ஏன் என்று கேட்பார். புதிதாக விரிந்தவை மஞ்சள், அவற்றில்தான் தேன் மிகுதி. பழையவை நிறம் மாறிவிடுவதால் வண்ணத்துப்பூச்சி நேரத்தை வீணாக்காமல் மஞ்சளுக்கே போகிறது. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த அதே செடி மண்டிய இடத்தில் புல் முளைப்பதில்லை, புல் இல்லாததால் காட்டெருமை தோட்டங்களுக்குள் இறங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்பவரே தேர்ந்த வழிகாட்டி.

அடிவாரத்து முட்புதர், அதற்கு மேல் இலையுதிர் காடு, உச்சியை நெருங்கும்போது ஈரப் பள்ளங்களில் ஒதுங்கி நிற்கும் சோலை என்று சேலத்துச் சமவெளிக்கும் 1,600 மீட்டரைத் தாண்டும் சேர்வராயன் சிகரத்துக்கும் இடையே காடு சில முறை உருமாறுகிறது. காரில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பவருக்கு இது கண்ணில் படுவதேயில்லை. மரக்கிளைகளில் ஒட்டியிருக்கும் ஆர்க்கிட்டுகள் அம்மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, வெறும் இருப்பிடமாகவே கொள்கின்றன என்பதைக் கேட்டபின், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் நடத்தும் ஆர்க்கிட் தோட்டத்துக்கும் போய்ப் பாருங்கள். இந்த வரிசையில் பார்ப்பதே சுவை. காப்பித் தோட்டத்தில் நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம் என்பதும், அதில் ஏறும் மிளகுக்கொடி நம்முடையது என்பதும் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

கேள்வி: வழியில் காட்டெருமை எதிர்ப்பட்டால் என்ன செய்வது? (வாசகி, ஓமலூர்)

நில்லுங்கள், வழிகாட்டி சொல்லும் வரை அசையாதீர்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் தெரியும் அந்த விலங்கு, ஆண் என்றால் ஒரு டன் அளவுக்குக் கூட எடை இருக்கும். பெரும்பாலும் முதலில் மூச்சைச் சீறிவிட்டு விலகிப்போகும். கன்றோடு நிற்கும் பசுவும், கூட்டத்தைப் பிரிந்து தனித்து மேயும் காளையும் வேறு ரகம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில், அங்குள்ள காட்டெருதிடமிருந்து (பைசன்) 25 கெஜம் விலகி நிற்க விதி உண்டு. இங்கே அதைவிடக் கூடுதலாக விலகி நிற்பதே புத்திசாலித்தனம். செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

கேள்வி: என்ன உடுத்துவது? (வாசகர், மேட்டூர்)

மங்கலான நிறத்தில் முழுக்கைச் சட்டை, பிடிமானமுள்ள காலணி, குடிநீர். வாசனைத் திரவியமும் ஒலிபெருக்கியும் வீட்டிலேயே இருக்கட்டும்.