மேலே கருகி, உள்ளே வேகாமல் நிற்கும் உருளைக்கிழங்கு சீஸ் கேசரோல்

கேள்வி: வீட்டில் உள்ள ஆறு பேருக்கும் பிடிக்கும் என்பதால், இரவு உணவுக்கு அடிக்கடி உருளைக்கிழங்கு சீஸ் கேசரோல் செய்கிறேன். பச்சைக் கிழங்கை வில்லைகளாக நறுக்கி அடுக்கி, மைதா சேர்த்த பால் சாஸையும் சிறிது சவர் கிரீமையும் கலந்து ஊற்றி, மேலே சீஸைத் துருவிப் போட்டு, 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஓவனில் வைக்கிறேன். மேற்பரப்பு கருகிவிடுகிறது, நடுவில் உள்ள கிழங்கு நறுக்கென்றே நிற்கிறது, சாஸ் திரிதிரியாகி ஓரங்களில் எண்ணெய் தேங்குகிறது. எங்கே தவறுகிறேன்? முந்தின நாளே தயாரித்து வைத்துக்கொள்ள வழி உண்டா?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான். கிழங்கு மென்மையாவதற்குக் கொதிநிலையை ஒட்டிய சூடு நெடுநேரம் வேண்டும்; பால் சாஸ் மெல்லிய கொதிக்கு மேல் போனால் தாங்காது; சீஸுக்கோ உருகிப் பொன்னிறமாவதற்குச் சில நிமிடங்களே போதும். இந்த மூன்றையும் ஒரே பாத்திரத்தில், ஒரே சூட்டில், ஒரே அளவு நேரம் வைக்கும்போது கிழங்குக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மற்ற இரண்டும் கெட்டுப்போகின்றன. எனவே ஓவனின் சூட்டைக் கூட்டுவதோ குறைப்பதோ இதற்குத் தீர்வாகாது. கிழங்கை முக்கால் பதம் அடுப்பிலேயே வேகவைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து மேற்பரப்பைச் சிவக்க வைப்பதற்கு மட்டும் ஓவனைப் பயன்படுத்துங்கள். உங்களுக்கு நான் சொல்லும் முறை முழுவதும் இந்த ஒரு மாற்றத்தை ஒட்டியதே.

ஒரு மணி நேரம் ஓவனில் இருந்தும் கிழங்கு ஏன் வேகவில்லை என்பதை முதலில் பார்ப்போம். உருளைக்கிழங்கின் மாவுச்சத்து ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரிக்குள் நீரை உறிஞ்சி ஊதத் தொடங்கிவிடும். ஆனால் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் அந்தச் சூட்டில் அசைவதில்லை. அது தளர 80 டிகிரிக்கு மேல் வேண்டும். கெட்டியான சாஸுக்குள் வெப்பம் மிக மெதுவாகவே நகரும். கொதிக்கும் தண்ணீரைப் போல அது சுழன்று சூட்டைப் பரப்புவதில்லை. ஆகவே ஐந்து சென்டிமீட்டர் ஆழமுள்ள பாத்திரத்தின் ஓரத்தில் சாஸ் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் நடுப்பகுதி வெகுநேரம் மிதமான சூட்டிலேயே கிடக்கும். அந்த மிதமான சூட்டில் கிழங்கில் உள்ள ஒரு நொதி செயல்பட்டுப் பெக்டினை இன்னும் இறுக்கமாக்கிவிடுகிறது என்பது இதில் கூடுதல் சிக்கல். அப்படி இறுகிய கிழங்கு பிறகு எவ்வளவு சூடு கொடுத்தாலும் எளிதில் குழையாது. இதனோடு நீங்கள் சேர்க்கும் சவர் கிரீமின் புளிப்பும் கைகோக்கிறது, ஏனெனில் அமிலம் சேர்ந்த இடத்தில் பெக்டின் கரையத் தயங்கும். தக்காளி சேர்த்த பிறகு கிழங்கு வேக மறுப்பதும் இதே காரணத்தால்தான்.

கிழங்கைத் தேர்ந்தெடுப்பதிலும் சற்றுக் கவனம் வேண்டும். வெந்ததும் மாவாக உதிரும் பழைய கிழங்கு சாஸை நன்றாகக் குடித்துக்கொள்ளும் என்றாலும், வில்லைகள் உடைந்து மசியலாகிவிடும். தோல் மெல்லியதாக உள்ள புதுக்கிழங்கு உருக்குலையாமல் நிற்கும். ஆனால் சாஸோடு ஒட்டாமல் தனித்து நிற்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட வகையே எனது தேர்வு. அது கிடைக்காவிட்டால், வீட்டு உணவுக்கு நான் மாவுக்கிழங்கின் பக்கமே சாய்வேன், ஏனென்றால் கேசரோலில் வடிவத்தைவிட மென்மைதான் முக்கியம். கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும். உணவில் ஒரு தேவையற்ற இனிப்பு தட்டும், ஓவனில் விரைவாகக் கறுக்கவும் செய்யும். தோலுக்கடியில் பச்சை நிறம் படர்ந்த கிழங்கை ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பச்சையோடு சேர்ந்து உருவாகும் சோலனைன் போன்ற நச்சுப்பொருள்கள் சமைப்பதால் அழிவதில்லை.

ஆறு பேருக்கு, தோல் நீக்கிய கிழங்கு ஒன்றேகால் கிலோ சரியாக இருக்கும். அதை மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள வில்லைகளாகச் சீவிக்கொள்ளுங்கள். எவ்வளவு கனம் என்பதைவிட எல்லா வில்லைகளும் ஒரே கனத்தில் இருப்பது முக்கியம். கத்தியால் அது கைவராதவர்கள் சீவுகட்டையைப் பயன்படுத்தலாம். இரண்டரை லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி உப்புப் போட்டு, வில்லைகளை அதில் சேர்க்க வேண்டும். தண்ணீர் மீண்டும் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து நான்கைந்து நிமிடங்கள் போதும். ஒரு வில்லையைக் கரண்டியில் எடுத்துக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள்: முனை உள்ளே இறங்க வேண்டும், ஆனால் நடுவில் ஒரு சிறு தடை தெரிய வேண்டும், வில்லையும் உடையாமல் நிற்க வேண்டும். தண்ணீரை வடித்து, பெரிய தட்டில் பரப்பி, ஆவி அடங்கும்வரை விட்டுவிடுங்கள். வடிகட்டியிலேயே குவித்து வைத்தால் உள்ளிருக்கும் சூட்டிலேயே மேலும் வெந்து குழைந்துவிடும். ஆவியும் நீராகி ஈரமாகத் தங்கி, பிற்பாடு சாஸை நீர்க்கச் செய்யும். உப்புத் தண்ணீரில் வெந்த கிழங்குக்குள் உப்பு இறங்கியிருக்கும் என்பது இந்த முறையின் மற்றொரு நன்மை. எவ்வளவு நல்ல சாஸ் ஊற்றினாலும் கிழங்கு சப்பென்று இருக்கிறது என்று பலர் குறைப்படுவது இதைச் செய்யாததால்தான்.

அடுத்தது சாஸ். அடிகனமான பாத்திரத்தில் 40 கிராம் வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய ஒரு பெரிய வெங்காயத்தையும் இரண்டு பல் பூண்டையும் நிறம் மாறாமல் மெதுவாக வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் 40 கிராம் மைதாவைத் தூவி, இரண்டு நிமிடம் குறைந்த தீயில் கிளறினால், மாவு நுரைத்துப் பச்சை வாசனை போய் மெல்லிய மணம் எழும். அந்தக் கட்டத்தில், வெதுவெதுப்பாக வைத்திருக்கும் 700 மில்லிலிட்டர் கொழுப்பு நீக்காத பாலை மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். முதல் தவணையில் கலவை பிசைந்த மாவுபோல் இறுகும். அதைக் கண்டு பதறி மீதிப் பாலையும் ஒரேயடியாக ஊற்றிவிடுவதால்தான் கட்டி தட்டுகிறது. ஒவ்வொரு தவணையையும் வழுவழுப்பாகும்வரை கலக்கிய பிறகே அடுத்ததை ஊற்றுங்கள். முழுப் பாலும் சேர்ந்ததும் சிறு குமிழிகள் மட்டும் எழும் அளவில் நான்கைந்து நிமிடம் வைத்தால் மாவு வெந்துவிடும். கரண்டியின் பின்புறத்தில் படிந்த சாஸின் குறுக்கே விரலால் கோடிழுத்தால், கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதேநேரம் கரண்டியைச் சாய்த்தால் சாஸ் தாராளமாக வழிந்து ஓட வேண்டும். ஓவனிலும் பிறகு ஆறும்போதும் அது மேலும் இறுகும் என்பதால், இந்தக் கட்டத்தில் சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும். மிளகுத்தூளும், இரண்டு சிட்டிகை துருவிய ஜாதிக்காயும் சேர்த்தால் பாலின் மந்தமான சுவை மாறும். ஒரு தேக்கரண்டி கடுகு விழுது சீஸின் சுவையைத் தூக்கிக் காட்டும். விருப்பம் இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

சாஸ் திரிவதற்குக் காரணம், பாலின் புரதங்கள் அமிலத்தையும் கடுஞ்சூட்டையும் ஒருசேரச் சந்திப்பதுதான். மாவுச்சத்து புரதங்களுக்கு இடையில் நின்று அவை ஒன்றோடொன்று சேர்ந்து திரளாமல் ஓரளவு காக்கிறது. கொழுப்பும் அதற்குத் துணை நிற்கிறது. கொழுப்பு நீக்கிய பாலும், கொழுப்புக் குறைந்த சவர் கிரீமும் முதலில் திரிவது இதனால்தான். சவர் கிரீமின் சுவை வேண்டும் என்றால், 100 மில்லிலிட்டர் அளவு கொழுப்பு நிறைந்ததை எடுத்து, சாஸை அடுப்பிலிருந்து இறக்கிய பின் கலந்துகொள்ளுங்கள். அந்த அளவுக்குப் பாலைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிழங்கு ஏற்கெனவே வெந்திருப்பதால் அதன் புளிப்பு இப்போது கிழங்கைப் பாதிக்காது.

எண்ணெய் தேங்குவது சீஸின் குற்றம். இன்னும் சரியாகச் சொன்னால் சீஸுக்குக் கொடுத்த சூட்டின் குற்றம். சீஸ் என்பது கால்சியத்தால் பிணைக்கப்பட்ட பால் புரதங்களின் வலைக்குள் கொழுப்பும் நீரும் சிறைப்பட்டிருக்கும் பொருள். மிதமான சூட்டில் கொழுப்பு இளகி வலையும் தளர்வதால் அது ஒழுகி உருகுகிறது. சூடு எல்லை மீறினாலோ நேரம் நீண்டாலோ வலை சுருங்கி இறுகுகிறது. பிழிந்த துணியிலிருந்து நீர் வருவதுபோல் கொழுப்பு வெளியேறிவிட, எஞ்சுவது ரப்பர்போன்ற புரதம். எனவே சாஸை அடுப்பிலிருந்து இறக்கி ஒரு நிமிடம் விட்ட பிறகே, துருவிய சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துக் கலக்க வேண்டும். அதற்குப் பின் சாஸை மறுபடி கொதிக்கவிடக் கூடாது.

இந்த அளவுக்கு 250 கிராம் சீஸ் தேவைப்படும்: 170 கிராம் சாஸுக்குள், மீதி மேற்பரப்புக்கு. சாஸுக்குள் மிதமாக முதிர்ந்த செடாரையோ குரூயேரையோ போடுங்கள். மிகவும் முதிர்ந்த செடாரில் சுவை அதிகம் இருந்தாலும் அது எளிதில் எண்ணெய் பிரியும் என்பதால் அதைக் கொஞ்சமாகக் கலந்தால் போதும். மொஸரெல்லா நூல்போல் இழுபடும். சுவை குறைவு, ஆகவே மேற்பரப்புக்கு மட்டும் பொருந்தும். தாள்களாகவும் கட்டிகளாகவும் விற்கும் பதப்படுத்திய சீஸைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். அதில் சேர்க்கப்படும் குழம்பாக்கும் உப்புகள் புரத வலை இறுகாமல் காப்பதால் அது எண்ணெய் பிரியாமல் வழுவழுப்பாக உருகும். சாஸில் நான்கில் ஒரு பங்காக அதைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ரிக்கோட்டா, பனீர் ஆகியவை உருகவே உருகாது. பொட்டலத்தில் துருவிய நிலையில் வரும் சீஸில், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவப்பட்டிருக்கும். அது சாஸைச் சற்று நறநறப்பாக்கும் என்பதால் கட்டியாக வாங்கித் துருவுவதே நல்லது. சீஸில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் சாஸுக்கு உப்பைக் கடைசியில், ருசித்துப் பார்த்த பிறகே சேருங்கள்.

இனி அடுக்குவது எளிது. 23க்கு 33 சென்டிமீட்டர் அளவுள்ள ஓவன் பாத்திரத்தில் வெண்ணெய் தடவி, கொஞ்சம் சாஸ், ஒரு அடுக்குக் கிழங்கு, மீண்டும் சாஸ் என்று மூன்று அடுக்குகள் வைத்து, மேலே சாஸ் மூடியிருக்கும்படி முடிக்க வேண்டும். சாஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வில்லை காய்ந்து தோல்போலாகிவிடும். காளான், கீரை போன்றவற்றைச் சேர்ப்பதாக இருந்தால், அவற்றைத் தனியே வதக்கி நீர் வற்றிய பிறகே இடையில் பரப்புங்கள். 180 டிகிரிக்குச் சூடாக்கிய ஓவனின் நடுத்தட்டில், அலுமினியம் ஃபாயிலால் மூடி 20 நிமிடம் வைத்தால், ஓரங்களில் மட்டுமன்றி நடுவிலும் சாஸ் மெதுவாகக் குமிழிடத் தொடங்கும். அப்போது ஃபாயிலை எடுத்துவிட்டு, எஞ்சிய சீஸைத் தூவி, சூட்டை 200 டிகிரிக்கு ஏற்றி, மேலும் 12 முதல் 15 நிமிடம் வைக்கவும். சீஸ் இவ்வளவு தாமதமாக வருவதால் கருகுவதற்கு அதற்கு நேரமே இருக்காது. மொறுமொறுப்பு வேண்டுபவர்கள் உருக்கிய வெண்ணெயில் பிசறிய பிரெட் தூளை அந்தச் சீஸோடு கலந்து தூவலாம். விசிறியுள்ள ஓவனாக இருந்தால் இரண்டு சூட்டையும் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓவனிலிருந்து எடுத்ததும் பரிமாறாதீர்கள். கொதித்துக்கொண்டிருக்கும் சாஸ் தண்ணீராகத் தெரியும். கால் மணி நேரம் ஆறினால் மாவுச்சத்து இறுகி, கரண்டியால் எடுக்கும்போது அடுக்குகள் சரியாமல் நிற்கும். பசியோடு காத்திருப்பவர்களைச் சமாளிப்பது உங்கள் பொறுப்பு.

முந்தின நாளே தயாரிப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பச்சைக் கிழங்கை அடுக்கி வைத்தால் காற்றுப்பட்ட இடங்கள் கறுத்துவிடும். வெந்த கிழங்கில் அந்தக் கறுப்பை உண்டாக்கும் நொதி செயலிழந்திருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. மேற்பரப்புச் சீஸைத் தவிர்த்து எல்லாவற்றையும் அடுக்கி, ஆவி அடங்கியதும் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வரை வைக்கலாம். ஆறட்டும் என்று சமையல் மேடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டுவிடக் கூடாது. மறுநாள் ஃபாயிலுடன் 40 நிமிடம், சீஸ் தூவிய பிறகு 15 நிமிடம் என்று நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பாத்திரமாக இருந்தால், குளிர்ந்த நிலையில் நேராகச் சூடான ஓவனுக்குள் வைக்க வேண்டாம், திடீர் சூட்டில் அது வெடிக்கக்கூடும். முந்தின நாளே அடுக்கி வைப்பவர்கள் எனாமல் பூசிய இரும்புப் பாத்திரத்தையோ எஃகுப் பாத்திரத்தையோ பயன்படுத்துவது பாதுகாப்பானது. உறைநிலைப் பெட்டியில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. உறைந்து இளகிய பிறகு கிழங்கு நீர்விட்டுத் துகள்துகளாகும், சாஸும் பிரியும்.

மிஞ்சியது மூன்று நாள் வரை குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும். குளிரில் மாவுச்சத்து மறுபடி இறுகி நீரை வெளியே தள்ளுவதால் அது கட்டிதட்டியும் வறண்டும் தோன்றும். தேவையான அளவை மட்டும் எடுத்து, மேலே இரண்டு கரண்டி பால் தெளித்து, மூடி, 160 டிகிரி ஓவனில் நடுப்பகுதி ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கினால் சாஸ் பழைய தளர்வுக்குத் திரும்பும். மைக்ரோவேவில் சூடாக்குபவர்கள் பாதி ஆற்றலில் வைத்து இடையிடையே கிளறுங்கள், இல்லாவிட்டால் சீஸ் மறுபடியும் எண்ணெய் கக்கிவிடும்.