கேள்வி – பதில்: கேரல் பர்னெட், தொலைக்காட்சியிலும் திரையிலும்

அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது கேரல் பர்னெட்டின் பெயரை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். அவரைப் பற்றி விரிவாகச் சொல்லும்படி வாசகர்கள் பலர் எழுதியிருப்பதால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதியை அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேரல் பர்னெட் எப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவர்? நடிப்புத் துறைக்கு எப்படி வந்தார்? (வாசகர், திருச்சி)

1933 ஏப்ரல் 26 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் பிறந்தார். தாய், தந்தை இருவருமே குடிக்கு அடிமையானவர்கள். பாட்டிதான் பேத்தியை வளர்த்தார். ஹாலிவுட்டில் ஒரே ஓர் அறை கொண்ட வாடகை வீட்டில் இருவரும் காலம் தள்ளினார்கள். கையில் காசு கிடைத்த போதெல்லாம் பேத்தியைத் திரைப்படங்களுக்கு அழைத்துச் சென்றவரும் அந்தப் பாட்டிதான். பிற்காலத்தில் ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் கேரல் தம் இடது காதை மெல்ல இழுத்துவிடுவார். வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டிக்கு, தாம் நலமாக இருப்பதைத் தெரிவிக்க அவர் வைத்திருந்த அடையாளம் அது.

லாஸ் ஏஞ்சல்ஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பத்திரிகையாளராகும் எண்ணத்தோடு சேர்ந்தவர், ஒரு மாணவர் நாடகத்தில் கிடைத்த சிரிப்பொலியைக் கேட்ட பிறகு நாடகத் துறைக்கு மாறிவிட்டார். சான் டியேகோ பக்கம் ஒரு விருந்தில் மாணவர்கள் நடித்துக் காட்டியதைப் பார்த்த செல்வந்தர் ஒருவர், நியூயார்க் சென்று முயன்று பார்க்கும்படி கேரலுக்கு ஆயிரம் டாலர் கடனாகக் கொடுத்தார். ஐந்து ஆண்டுகளில் வட்டியில்லாமல் திருப்பித் தர வேண்டும். தம் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது. வெற்றி பெற்றால் பிறருக்கும் அதேபோல் உதவ வேண்டும் என்பவை அவர் விதித்த நிபந்தனைகள். கேரல் கடனை அடைத்தார். அந்தப் பெயரையும் வெளியிடவில்லை.

நியூயார்க்கில் 1959ஆம் ஆண்டு ‘ஒன்ஸ் அப்பான் எ மேட்ரஸ்’ என்ற இசை நாடகத்தில் கதாநாயகியாக நடித்தார். அதே ஆண்டில் கேரி மூரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நிரந்தர நடிகர்களுள் ஒருவரானார். வாரந்தோறும் வெவ்வேறு வேடம் போடும் பயிற்சி அவருக்கு அங்கேதான் கிடைத்தது.

அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் பெயரில் ஒரு மணி நேர நகைச்சுவை நிகழ்ச்சி நடத்த எப்படிச் சம்மதித்தார்கள்? (வாசகி, மதுரை)

மனம் ஒப்பிச் சம்மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒப்பந்தப்படி மறுக்க வழியில்லாமல் போயிற்று. கேரி மூர் நிகழ்ச்சியிலிருந்து விலகிய பிறகு சி.பி.எஸ். என்ற தொலைக்காட்சி நிறுவனத்துடன் கேரல் பத்தாண்டு ஒப்பந்தம் செய்திருந்தார். முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் அவர் விரும்பிக் கேட்டால், நிறுவனம் அவருக்கு முப்பது ஒரு மணி நேர நிகழ்ச்சிகளைத் தந்தே ஆக வேண்டும் என்று அதில் ஒரு விதி இருந்தது. காலக்கெடு முடியச் சில நாட்களே இருந்தபோது, 1966ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில், கேரலும் அவருடைய கணவரும் தயாரிப்பாளருமான ஜோ ஹாமில்டனும் நியூயார்க்கிலிருந்த அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து அந்த விதியை நினைவூட்டினார்கள். நிறுவனத்தில் அப்படி ஒரு விதி இருப்பதே மறந்துபோயிருந்தது. இத்தகைய பல்சுவை நிகழ்ச்சிகள் ஆண்களுக்கு உரியவை என்றும், அவருக்காக ஓர் அருமையான அரைமணி நேரக் குடும்ப நகைச்சுவைத் தொடர் காத்திருக்கிறது என்றும் அதிகாரி எடுத்துச் சொன்னார். கேரல் விட்டுக்கொடுக்கவில்லை. வாரத்துக்கு ஒரு வேடமாவது புதிதாகப் போட வேண்டும், விருந்தினர்கள் வர வேண்டும், இசையும் நடனமும் வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார்.

‘தி கேரல் பர்னெட் ஷோ’ 1967 செப்டம்பர் 11 அன்று தொடங்கி, 1978 மார்ச் 29 வரை பதினொரு பருவங்கள் ஓடியது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் 25 பெற்றது. அவருடைய வாழ்க்கையில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை என்பது எங்கள் கருத்து. திறமை அவரிடம் முன்பே இருந்தது. அதைக் காட்டுவதற்கான களத்தை அவர் உரிமையாகக் கேட்டு வாங்கியிருக்காவிட்டால், ஒரே பாத்திரத்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நடிக்கும் நடிகையாக அவர் நின்றுபோயிருக்கக்கூடும்.

அந்நிகழ்ச்சியின் குறுநாடகங்கள் எப்படித் தயாராயின? நடிகர்கள் நடிக்கும்போதே சிரித்துவிடுவது திட்டமிட்டதா? (வாசகர், கோயம்புத்தூர்)

வாரத் தொடக்கத்தில் நடிகர்கள் அனைவரும் கூடி உட்கார்ந்து எழுத்துப் பிரதியை வாசிப்பார்கள். பிறகு ஒத்திகை. வெள்ளிக்கிழமை, லாஸ் ஏஞ்சல்ஸில் சி.பி.எஸ். நிறுவனத்தின் ‘டெலிவிஷன் சிட்டி’ வளாகத்தில், பார்வையாளர்கள் முன்னிலையில் ஒரே நிகழ்ச்சியை இருமுறை நடித்துப் பதிவு செய்வார்கள். இரண்டிலும் எது நன்றாக அமைந்ததோ அதை எடுத்துத் தொகுப்பார்கள். காட்சிக்கு நடுவே நிறுத்தித் திருத்துவதைக் கேரல் விரும்பவில்லை. மேடை நாடகத்தைப் போல அது தொடர்ந்து ஓட வேண்டும் என்று எண்ணினார்.

சிரிப்பு திட்டமிட்டதல்ல. உடன் நடித்த டிம் கான்வே முதல் பதிவில் ஒத்திகையில் செய்ததை அப்படியே செய்வார். அது பத்திரமாகப் பதிவாகிவிட்டது என்று தெரிந்ததும், இரண்டாம் பதிவில் யாரும் எதிர்பாராததைச் செய்வார். அனுபவமில்லாத பல் மருத்துவராக அவர் நடித்த குறுநாடகத்தில், மரத்துப்போகச் செய்யும் ஊசியைத் தம் கையிலேயே குத்திக்கொண்டு, தொங்கும் கையோடு வைத்தியம் பார்க்க முயல்வார். நோயாளியாக நாற்காலியில் கிடக்கும் ஹார்வி கோர்மன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குவதை இன்றும் பார்க்கலாம். உடன் நடிப்பவர்கள் பெயர் வாங்கும்போது கேரல் ஒதுங்கி நின்று இடம் கொடுத்தார். தம் பெயரில் நடக்கும் நிகழ்ச்சியில் பல வாரங்கள் சிறந்த காட்சியைப் பிறருக்குக் கொடுத்த பெருந்தன்மையே அந்தக் குழுவைப் பல ஆண்டுகள் கட்டிக்காத்தது.

திரைச்சீலைக் கம்பியோடு உடை அணிந்து வந்த காட்சி ஏன் இவ்வளவு புகழ் பெற்றது? (வாசகி, சென்னை)

அது ‘கான் வித் தி விண்ட்’ திரைப்படத்தைக் கேலி செய்து 1976 நவம்பரில் ஒளிபரப்பான நீண்ட குறுநாடகம். மூலப் படத்தில் வறுமையில் வாடும் நாயகி ஜன்னல் திரைச்சீலையைக் கிழித்து உடையாகத் தைத்து அணிவாள். அதைக் கேலி செய்ய, திரைச்சீலையை உடம்பில் தாறுமாறாகத் தொங்கவிட்டுக்கொண்டு வருவதாகத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். உடை வடிவமைப்பாளர் பாப் மேக்கிக்கு அது போதவில்லை. பச்சை வெல்வெட்டில் அழகான கவுனைத் தைத்து, திரைச்சீலை மாட்டும் கம்பியைக் கழற்றாமல் இரு தோள்களுக்கும் குறுக்கே அப்படியே வைத்துவிட்டார். அந்த உடையோடு கேரல் மாடிப்படியில் மிகுந்த மிடுக்கோடு இறங்கி வரத் தொடங்கியதுமே அரங்கத்தில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவர் முகத்தில் கேலியின் சாயலே கிடையாது. தாம் அணிந்திருப்பது பேரழகான உடை என்று அந்தப் பாத்திரம் முழுமையாக நம்புகிறது. காட்சியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அந்த உடை இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

மேக்கியின் பங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை தெரியாத காரியதரிசி திருமதி விக்கின்ஸ் பாத்திரத்துக்கு அவர் கொடுத்த பாவாடை பின்பக்கம் தொளதொளவென்று தொங்கியது. அதைப் பிடித்துத் தைக்கும்படி கேரல் கேட்டபோது, அதெல்லாம் வேண்டாம், இடுப்பைப் பின்னால் தள்ளி அந்த இடத்தை நிரப்புங்கள் என்றார் மேக்கி. அப்படித் தள்ளிக்கொண்டு நடந்ததில்தான் அந்தப் பாத்திரத்தின் புகழ்பெற்ற நடை பிறந்தது.

தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறந்தவர் திரைப்படங்களில் அந்த அளவுக்கு ஒளிரவில்லையே, ஏன்? (வாசகர், யாழ்ப்பாணம்)

நியாயமான கேள்வி. 1972இல் வால்டர் மத்தாவோடு ‘பீட் அண்ட் டில்லி’, 1974இல் பில்லி வைல்டரின் ‘தி ஃபிரண்ட் பேஜ்’, 1978இல் ராபர்ட் ஆல்ட்மனின் ‘எ வெட்டிங்’ என்று பெரிய இயக்குநர்களும் பெரிய நடிகர்களும் அவருக்கு அமைந்தார்கள். ‘தி ஃபிரண்ட் பேஜ்’ படத்தில் தம் நடிப்பு அவருக்கே பிடிக்கவில்லை. தாம் பயணம் செய்த விமானத்தில் அந்தப் படம் திரையிடப்பட்டபோது சக பயணிகளிடம் அவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

எங்கள் பார்வையில் காரணம் இதுதான். பார்வையாளரின் சிரிப்பைக் கேட்டு, அடுத்த வசனத்தை எப்போது விடுவது என்று அந்த நொடியில் முடிவெடுப்பவர் கேரல். படப்பிடிப்புத் தளத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. வாரக்கணக்கில் பழகிய குழுவும் இல்லை. ஆகவே சிரிக்க வைக்கும் படங்களைக் காட்டிலும், சிரிப்பை எதிர்பார்க்காத வேடங்களில்தான் அவர் கேமரா முன்னால் முழுமையாகத் தெரிந்தார். 1979இல் வந்த ‘ஃபிரெண்ட்லி ஃபயர்’ என்ற தொலைக்காட்சிப் படம் அதற்குச் சான்று. வியட்நாம் போரில் தம் தரப்புப் பீரங்கிக் குண்டுக்கே பலியான மகனின் சாவைப் பற்றிய உண்மையைத் தேடி அலையும் ஐயோவா மாநில விவசாயக் குடும்பத்துத் தாயாக அவர் நடித்ததைப் பார்த்தவர்கள், நகைச்சுவை நடிகை என்ற நினைப்பையே மறந்துபோவார்கள்.

இதற்கான விதை அவருடைய குறுநாடகங்களிலேயே இருந்தது. ‘தி ஃபேமிலி’ வரிசையில் அவர் நடித்த யூனிஸ், தாயின் அங்கீகாரத்துக்காக ஏங்கி, கிடைக்காமல் கத்தித் தீர்க்கும் பெண். தாயாக நடித்த விக்கி லாரன்ஸ் உண்மையில் கேரலைவிடப் பதினாறு வயது இளையவர். அந்தக் காட்சிகளில் நகைச்சுவைத் துணுக்குகள் கிடையாது. உரத்த ஒப்பனையை நீக்கிவிட்டு மெல்லிய குரலில் நடித்தால் அவை கண்ணீர்க் கதையாகிவிடும்.

விதிவிலக்காக 1982இல் வந்த ‘ஆனி’யைச் சொல்லலாம். அனாதை விடுதியை நடத்தும் குடிகாரியான மிஸ் ஹானிகனாக, குறுநாடகத்தின் மிகை நடிப்பை அவர் திரைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பாத்திரம் அதைத் தாங்கியது.

பத்திரிகை ஒன்றின் மீது அவர் வழக்குத் தொடுத்தாராமே? (வாசகர், சேலம்)

ஆம். வாஷிங்டன் உணவகம் ஒன்றில் அவர் குடிபோதையில் நடந்துகொண்டதாகத் தொனிக்கும்படி 1976இல் ‘நேஷனல் என்க்வயரர்’ ஒரு துணுக்கு வெளியிட்டது. குடியால் பெற்றோரை இழந்தவருக்கு அது தாங்க முடியாத பழி. 1981இல் ஜூரி 16 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. பின்னர் நீதிமன்றங்கள் தொகையைப் பெரிதும் குறைத்தன. பத்திரிகை அறம் கற்பிக்கும் பணிகளுக்கு அவர் நன்கொடை அளித்தார்.

இப்போதைய தலைமுறையினர் அவரைப் பார்க்க வேண்டுமானால் எதைப் பார்க்கலாம்? (வாசகி, சிங்கப்பூர்)

2022இல் ‘பெட்டர் கால் சால்’ தொடரின் இறுதிப் பருவத்தில் மேரியன் என்ற முதியவளாக வந்தார். தன் வீட்டுக்கு வந்து பழகும் மனிதன் யார் என்பதை மடிக்கணினியின் முன் அமர்ந்து அவள் கண்டுபிடிக்கும் காட்சியில், முகத்தில் அன்பு வடிந்து அச்சம் ஏறுவதைப் பாருங்கள். 2024இல் ‘பாம் ராயல்’ தொடரில் நடித்தார். ‘சாட்டர்டே நைட் லைவ்’ மூலம் புகழ்பெற்ற கிறிஸ்டன் விக் அதன் நாயகி. தொடக்க அத்தியாயங்களில் நினைவிழந்து படுக்கையில் கிடக்கும் பாத்திரமாக இருந்தும், தொண்ணூறு வயதுக்கு மேல் அவர் எம்மி பரிந்துரை பெற்றார். இவற்றைப் பார்த்துவிட்டு, யூனிஸ் குடும்பத்தினர் உட்கார்ந்து விளையாடத் தொடங்கிச் சண்டையில் முடிக்கும் ‘சாரி’ என்ற குறுநாடகத்தைத் தேடிப் பாருங்கள்.