வஞ்சிரத்தைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

கேள்வி: சென்னையில் தரைத்தளத்தில் வசிக்கிறோம். மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. ஃப்ரீஸரில் ஒரு கிலோ வஞ்சிரம், கீழே இட்லி மாவு, பால், முந்தைய நாள் சாம்பார், மிஞ்சிய சோறு எல்லாம் இருந்தன. "கெட்ட வாடை இல்லை, நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும்" என்றார் மாமியார். நான் பயந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் செய்தது சரியா? அடுத்த மழைக்காலத்துக்கு என்ன செய்வது?

பதில்: பாதி சரி. மாவை நீங்கள் கொட்டியிருக்க வேண்டாம். சாம்பாரையும் சோற்றையும் கொட்டியது மிகச் சரி. மீன் விஷயம் சற்று நீளமானது.

முதலில் மாமியாரின் வாதத்தைப் பார்ப்போம். பாலைக் காய்ச்சிக் காய்ச்சியே காப்பாற்றிய தலைமுறை அவருடையது, அதில் அனுபவம் இருக்கிறது. ஆனால் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகுமே தவிர, அவை ஏற்கெனவே உணவில் விட்டுச்சென்ற நஞ்சு எல்லாமே அழிந்துவிடாது. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும்போதும் பிழைத்திருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து, வாந்தி உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். மறுபடி சுடவைத்தாலும் அது போகாது. வாடையும் வராது. மூக்கை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். உடனே "பழைய சோறு?" என்று கேட்பீர்கள். அது நீரில் ஊறிப் புளித்து, காலையிலேயே வயிற்றுக்குப் போய்விடுகிறது. இரண்டு நாள் அணைந்துகிடந்த பெட்டிக்குள் இருந்த சோற்றை அதோடு ஒப்பிட முடியாது.

எனவே பார்க்க வேண்டியது நேரத்தை. கதவைத் திறக்காமல் விட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி காக்கும். நிரம்பிய ஃப்ரீஸர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம். இவை நல்ல நிலையில் உள்ள பெட்டிக்கான கணக்கு. ரப்பர் தளர்ந்த பழைய பெட்டி என்றால், அல்லது ஃப்ரிட்ஜின் உள்ளேயே சிறு அறையாக இருக்கும் ஃப்ரீஸர் என்றால், இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். சமைத்த உணவு, பால், மீன், இறைச்சி ஆகியவை 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு அதிகமாக இருந்திருந்தால் வைத்துக்கொள்ளாதீர்கள். தேங்காய்ச் சட்னியையும் துருவிய தேங்காயையும் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வஞ்சிரத்துக்கு வருகிறேன். துண்டுகளில் இன்னும் பனிப்படிகம் தெரிந்து, தொட்டால் சில்லென்று கெட்டியாக இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம், அல்லது அன்றே குழம்பு வைத்துவிடலாம். முழுவதும் இளகி வெதுவெதுப்பாகக் கிடந்திருந்தால் தயங்காமல் எறிய வேண்டும். வஞ்சிரம், கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களில் வெப்பம் ஏறினால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். முகம் சிவந்து, தடிப்பு, தலைவலி வரும். வறுத்தாலும் குழம்பில் கொதித்தாலும் அது அழியாது. கிலோ வஞ்சிரத்தின் விலை எனக்கும் தெரியும். மருத்துவமனைச் செலவு அதைவிட அதிகம்.

மாவு புளிக்கும், அவ்வளவுதான். அந்தப் புளிப்பே அதற்குக் காவல். ஊத்தப்பமாக வார்த்துவிடலாம். பூஞ்சை படர்ந்தாலோ நிறம் மாறினாலோ மட்டும் கொட்டுங்கள். தயிர், ஊறுகாய், நெய், முழுக் காய்கறிகள் பற்றிக் கவலை வேண்டாம். பால்தான் தொல்லை. மின்சாரம் போன முதல் சில மணி நேரத்துக்குள், குளிர் இருக்கும்போதே காய்ச்சி உறையூற்றிவிடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்ததும் ஃப்ரிட்ஜை அதிகக் குளிரில் வையுங்கள். ஃப்ரீஸரின் காலி இடங்களில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றிய பாட்டில்களை அடுக்கினால், அவை உறைந்து குளிரைப் பிடித்துவைக்கும். பிறகு கதவைத் திறக்காதீர்கள். "கெட்டுவிட்டதா" என்று பார்க்கத் திறக்கும் ஒவ்வொரு முறையும்தான் அது கெடுகிறது. வீட்டில் இன்சுலின் இருந்தால் அதை எங்கே, எவ்வளவு நாள் வைக்கலாம் என்று மருந்தாளுநரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். ஃப்ரீஸருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், உறைந்த இன்சுலின் பயன்படாது.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழி. ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், ஃப்ரீஸர் இளகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள். அதில் இருந்த மீனைச் சமைக்காதீர்கள்.